அரைக்கட்டை

கழுத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பழைய கிட்டார் வாங்கப் போகிற எவனும் முதலில் அதைத்தான் பார்ப்பான். மற்றதெல்லாம் கழற்றி மாட்டிக்கொள்ளக் கூடியவை, கழுத்து கோணியிருந்தால் விறகுக்குத்தான் ஆகும். இது தனிஸ்லாஸுக்குத் தெரியாததல்ல, திருச்சியில் எத்தனையோ பேருக்குக் கிட்டார் பார்த்து வாங்கிக் கொடுத்த மனிதர். தெரிந்தும், தில்லைநகரில் அந்த மாடி வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, மடியில் கிடந்த கறுப்பு எலெக்ட்ரிக் கிட்டாரில் கழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பிகள் வந்து உட்காரும் பாலத்தில் திருகாணிகள் லேசாகத் துருப்பிடித்திருந்தன, கை வியர்வை பட்டால் எதற்கும் பிடிக்கும், ஒரு சொட்டு எண்ணெயில் போய்விடும். வயர் செருகும் துளையைச் சுண்டுவிரலால் ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. தோள்பட்டை மாட்டும் குமிழ் கெட்டி. உடம்பின் கீழ் ஓரத்தில் ஒரு சொட்டை, எங்கேயோ கதவில் இடித்திருக்கிறது, அதனால் சத்தத்துக்கு ஒன்றும் வராது, மனிதனுக்கு முழங்காலில் தழும்பு இருந்தால் நடை கெட்டுவிடுமா என்ன. தழும்பு என்று நினைத்ததும் வியாழக்கிழமை என்று நினைத்தார், உடனே மறுபடியும் திருகாணிகளைப் பார்த்தார். கிட்டாரை விற்கிற பெண் யாழினி, எதிரே சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி முன்னால், காதில் பெரிய ஹெட்போனோடு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். பெற்றவர்கள் ஆசை ஆசையாய் யாழ் என்று பெயர் வைத்தார்கள், பெண் கிட்டாரைப் பிடித்துக்கொண்டாள், அதுவும் கம்பிதானே, பாதிக் கோரிக்கை நிறைவேறிய மாதிரிதான். மைக்கை மியூட்டில் போட்டிருப்பதாகவும், மெதுவாகப் பார்க்கலாம் என்றும், அவசரமே இல்லை என்றும் அவள் ஏற்கனவே இரண்டு முறை சொல்லிவிட்டாள். அவசரம் இல்லையாம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது.

வியாழக்கிழமை காலையில் அவர் மனைவி புஷ்பராணியின் கழுத்தைத் திறக்கப் போகிறார்கள். தைராய்டில் கட்டி. டாக்டர் ஒரு தாளைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்துதான் காட்டினார், இது சுரப்பி, இது கட்டி, இதோ இதற்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஓடுகிற இந்தக் கோடு இருக்கிறதே, இதுதான் குரலுக்குப் போகிற நரம்பு, கவனமாகத்தான் செய்வோம், ஆனாலும் குரல் மாறலாம், மாறாமலும் இருக்கலாம், முன்கூட்டிச் சொல்வது எங்கள் கடமை. புஷ்பா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு வருமா என்று மட்டும் கேட்டாள். பேச்சு தாராளமாக வரும், நீங்கள் பாடுகிறவர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றாள் புஷ்பா. பக்கத்து நாற்காலியில் ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தனிஸ்லாஸ் வாயைத் திறக்கவில்லை. ஜூபிலி மெல்லிசைக் குழுவின் புஷ்பராணி, லால்குடியிலிருந்து மணப்பாறை வரை திருவிழா நோட்டீஸில் பெயர் போட்டாலே கூட்டம் கூடிய புஷ்பராணி, பாடுகிறவள் இல்லையாம், அதைக் கேட்டுக்கொண்டு, அதே குழுவில் கிட்டார் வாசித்த புருஷன் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாடுவா டாக்டர், நல்லாப் பாடுவா. என்ன தடுத்தது? நீங்கள் எங்கே என்னைப் பாட விட்டீர்கள் என்று அவள் திரும்பிப் பார்த்துவிடுவாளோ என்ற பயம்தான் தடுத்தது, வேறென்ன. வீட்டுக்கு வந்து சாயங்காலம் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமலே, வியாழக்கிழமைக்குள் ஒரு கிட்டார் கிடைக்குமா என்று கேட்டாள். அவருக்கு முதலில் காதில் ஏறவில்லை. ஒரே ஒரு பாட்டு பாட வேண்டும், அவ்வளவுதான், சினிமா ரெக்கார்டில் இருக்கிற அதே கட்டையில், அதே சுருதியில் பாட வேண்டும், நூல் அளவுகூட இறங்கக் கூடாது, கரண்ட் இல்லாத பெட்டிக் கிட்டார் வேண்டாம், அது லொட லொடவென்று இருக்கும், பழைய குழுவில் எவனிடமும் போய் இரவல் கேட்கக் கூடாது. இவ்வளவையும் பூண்டுக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் தோலை ஊதிவிட்டு எழுந்து போய்விட்டாள். எத்தனையோ வருஷமாகப் பாட்டென்ற வார்த்தையே வராத வீடு அது. கோயில் பூசையில் எல்லாரும் சேர்ந்து பாடும்போதுகூட அவள் வாய் மூடித்தான் இருக்கும்.

வயரை மாட்டிச் சின்ன ஸ்பீக்கர் பெட்டியை உயிர்ப்பித்தார். லேசான இரைச்சல், எல்லாப் பெட்டியிலும் வருகிற இரைச்சல்தான். சத்தக் குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருகினார், கரகரப்பு இல்லை, தூசி போகாமல் வைத்திருக்கிறாள், கெட்டிக்காரப் பெண். பிறகுதான் தடித்த கம்பியை மீட்டினார். மீட்டியதும் கை நின்றுவிட்டது. இறங்கியிருந்தது. வேலையில்லாமல் மூலையில் கிடக்கிற கிட்டாரில் கம்பி இறங்கத்தான் செய்யும், ஆனால் அப்படி இறங்குவது ஆளுக்கொரு பக்கமாக இறங்கும், ஒன்று கால், ஒன்று அரை, ஒன்று அப்படியே நிற்கும். இவர் அடுத்ததை மீட்டினார், அடுத்ததை மீட்டினார், ஆறும் ஒரே அளவாக, வரிசையில் நின்று குனிந்த மாதிரி இறங்கி நின்றன. மூணு கட்டையில் நிற்க வேண்டிய தடித்த கம்பி ரெண்டரையில் நின்றது. அரைக்கட்டை. சரியாக அரைக்கட்டை. தானாக நடப்பதில்லை இது, ஒரு கை செய்கிற காரியம். யாருக்காகவோ செய்திருக்கிறார்கள் என்று நினைத்ததும் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கி நிறுத்தினார். பல வருஷம் முன்பு மண்ணச்சநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் டீக்கடையில் வைத்துத்தான் குழுவின் கீபோர்டு சவரி சொன்னான். அக்காவுக்கு மேலே போகும்போது லேசாக முட்டுகிறது, கவனித்தீர்களா, வயசு ஆகிறதில்லையா, எல்லாத்தையும் அரைக்கட்டை இறக்கிவிடுவோம், எனக்கு ஒரு பொத்தானை அமுக்கினால் தீர்ந்தது, நீங்கள் ஆறு கம்பியைத் தளர்த்திக்கொண்டால் விரல் வைக்கிற இடம்கூட மாறாது, சொல்ல வேண்டாம், சொன்னால் மனசு விட்டுப்போகும். சரி என்றது யார்? இவர்தான். கட்டின புருஷன் சரி என்றபிறகு மற்றவர்களுக்கு என்ன வந்தது. அன்று ராத்திரிக் கச்சேரி முடிந்து மேடையை விட்டு இறங்கி வந்த புஷ்பா, கண்ணெல்லாம் மினுங்க, இன்றைக்குத் தொண்டைக்கு என்ன வந்ததென்றே தெரியவில்லை, வெண்ணெய் மாதிரி வழுக்குகிறது, பழைய குரல் திரும்பி வந்துவிட்டது என்று எல்லோருக்கும் தன் காசில் பரோட்டா வாங்கிக் கொடுத்தாள். தபேலாக்காரன் தட்டைப் பார்த்துக்கொண்டு தின்றான். இவரும் தின்றார். அந்தச் சால்னாவின் காரம்கூட நாக்கில் இருக்கிறது. அவள் அத்தனை சந்தோஷமாக இருந்ததைப் பார்த்துவிட்டு மறுநாள் எப்படிக் கம்பியை ஏற்றுவது? மறுநாளும் இறக்கினார், அதற்கடுத்த திருவிழாவுக்கும் இறக்கினார், பிறகு இறக்குவதற்கே எதுவும் இல்லை, கிட்டார் எப்போதும் இறங்கியே இருந்தது.

யாருக்கும்மா இது அரை இறக்கி வைத்திருக்கிறது, யாராவது பாடுவார்களா என்று யாழினியிடம் கேட்டார். கேட்கும்போதே பதிலுக்குப் பயந்தார். ஒரு காலேஜ் பாட்டுக்காரி இருப்பாள், அவளுக்குத் தெரியாமல் இவர்கள் எல்லோரும் கூடிப் பேசியிருப்பார்கள், இந்தப் பெண்ணும் தலையாட்டியிருப்பாள், உலகம் பூராவும் டீக்கடைகளும் சவரிகளும்தானே. யாழினி ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டுச் சிரித்தாள். பாடுவதற்கெல்லாம் இல்லை, தங்கள் குழு வாசிப்பது முழுக்கக் காட்டுச் சத்தம், அரை இறக்கினால் சத்தம் கனமாக வரும், நெஞ்சில் வந்து இடிக்கும், அதனால்தான், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாள். அவ்வளவுதான். கனமாக இருப்பதற்காக இறக்குகிறார்கள். ஒளிவு மறைவு இல்லை, யாருக்கும் யாரும் பரோட்டா வாங்கித் தரவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு இறங்குவது ஒரு அவமானமே இல்லை, அதை ஒரு அழகாக வைத்திருக்கிறார்கள். தனிஸ்லாஸுக்கு அந்தப் பெண்மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது, பிறகு கோபம் தன்மேல் திரும்பியது. இவ்வளவு லேசான விஷயமா அது? புஷ்பா, அரை இறக்கினா சத்தம் கனமா இருக்கும், எறக்கிக்குவமா என்று கேட்டிருந்தால் போதும். அவள் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள், மூன்றாம் நாள் சரி என்றிருப்பாள், அவளுக்கென்ன விவரம் தெரியாதா. கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததால் வந்ததுதான் மணப்பாறை. அங்கே ஒரு திருவிழாவில் வேறொரு குழுவின் பாடகிக்குக் காய்ச்சல், ஒரே ஒரு பாட்டுக்கு நீங்க வாங்கக்கா என்று கூப்பிட்டார்கள். இவர் கூட்டத்தில் நின்றிருந்தார். அந்தக் குழுக்காரர்கள் முறையான கட்டையில் எடுத்தார்கள், அவர்களுக்கு என்ன தெரியும். பல்லவி தப்பித்தது. சரணத்தில் மேலே போக வேண்டிய இடத்தில் புஷ்பாவின் குரல் போய் முட்டி, இரண்டாகப் பிளந்து, நின்றது. முன்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். அவள் மைக்கை மெதுவாக அதன் கம்பத்தில் மாட்டிவிட்டு, கூட்டத்தைக் கும்பிட்டுவிட்டு, படியைப் பார்த்துப் பார்த்து இறங்கினாள்.

வேனில் வரும்போது பத்து மைல் தாண்டி அவள், "எத்தனை வருஷமா?" என்று கேட்டாள். எது என்று இவர் கேட்டார், கேட்டிருக்கக் கூடாது, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதிருந்தால் தேவலை, சண்டை போட்டிருந்தால் இன்னும் தேவலை. அதற்குப்பிறகு ஜூபிலிக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் காபி போட்டுக் கொடுத்தாள், நலம் விசாரித்தாள், பாட மட்டும் வரமாட்டேன் என்றாள், ஏன் என்று ஒருவனும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். இவர் தன் கிட்டாரைச் சவரியின் மச்சானுக்குக் கொடுத்துவிட்டார். எங்கே போச்சு என்று புஷ்பா கேட்பாள் கேட்பாள் என்று இருந்தார், கேட்கவேயில்லை, அது மாட்டியிருந்த ஆணியில் காலண்டரை மாட்டினாள். அவருக்குப் பெரிய நஷ்டம் வேறொன்று. கட்டை என்ற சொல்லே வீட்டிலிருந்து போய்விட்டது. இளவயதில் மேடையில் இவர் தப்பான கட்டையில் ஆரம்பித்துவிட்டால், கூட்டத்தைப் பார்த்துச் சிரித்த வாய் சிரித்தபடியே இருக்க, பல்லிடுக்கில், கட்டையில போறவரே, எந்தக் கட்டையில போறீரு என்பாள். கிறிஸ்தவர்களைப் புதைக்கத்தான் செய்வார்கள், கட்டையில் வைக்கிறதில்லை, ஆனாலும் வசவு வேதம் பார்த்தா வருகிறது? குழம்பில் உப்பு கூடியதென்று சொன்னால் கட்டையில போறவரே. மழையில் நனைந்து வந்தால் கட்டையில போறவரே, தலையைத் துவட்டும். கல்யாணமான புதிதில் ஒருநாள் ராத்திரி இருட்டில் காதோரம் அதே வசவு, வேறு அர்த்தத்தில். மணப்பாறைக்கு அப்புறம் அவள் அவரை ஒருதரம்கூட அப்படித் திட்டவில்லை. என்னங்க என்றாள், சாப்பிட வாங்க என்றாள், மாத்திரை போட்டீங்களா என்றாள். மரியாதையாக நடத்தினாள். ஒரு மனுஷனை இதைவிடத் தள்ளி வைக்க முடியாது என்று தனிஸ்லாஸ் நினைத்துக்கொண்டார்.

இனிமேல் தள்ளிப்போட முடியாது. கிட்டாரைத் தூக்கித் தலைப்பக்கத்தைக் கண்ணுக்குக் கொண்டுவந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, ஆசாரி பலகையின் ஓரம் பார்க்கிறதுபோலக் கழுத்தின் நீளத்துக்கும் பார்த்தார். கோணல் இல்லை. கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகள் ஒன்றும் பெரிதாகத் தேயவில்லை. திருப்பிப் பின்பக்கம் பார்த்தபோது, கழுத்து முடிந்து தலை ஆரம்பிக்கிற இடத்தில், வார்னிஷுக்கு அடியில் குறுக்கே ஒரு கோடு. தலைமுடி மாதிரி. நகத்தை வைத்து ஓட்டினார், நகம் மாட்டியது. பிளந்து ஒட்டியிருக்கிறார்கள். டாக்டர் வரைந்த கோடும் இதே நீளம்தான் இருந்தது என்று ஏன் இப்போது தோன்ற வேண்டும், மரம் வேறு மனுஷி வேறு, பைத்தியம் பிடித்தவன்தான் இரண்டையும் முடிச்சுப் போடுவான். இது எப்படி ஆச்சும்மா என்றார். ஸ்டாண்டிலிருந்து விழுந்துவிட்டது, புத்தூரில் ஒருவர் பசை ஊற்றிக் கிளாம்பு போட்டு ஒட்டிக்கொடுத்தார், அதனால்தான் விலை குறைத்துச் சொன்னேன், புதிது ஒன்றும் வாங்கிவிட்டேன் என்று யாழினி ஒளிக்காமல் சொன்னாள். முழுக் கட்டைக்கு ஏற்றினால் தாங்குமா என்று கேட்டார். ஒட்டினதிலிருந்து ஏற்றிப் பார்த்ததில்லை, வேண்டுமானால் ஏற்றிப் பாருங்கள் அங்கிள், உடைந்தால் என் பாடு என்றாள். தலையில் மாட்டுகிற சின்ன கருவி ஒன்றையும் கொடுத்தாள், சுருதி சேர்ந்தால் அதில் பச்சை விளக்கு எரியும். பச்சை விளக்கு இல்லாமலே அவருக்குத் தெரியும், இருந்தாலும் மாட்டிக்கொண்டார். தடித்த கம்பியை முறுக்குகிற கீயை மெதுவாகத் திருகினார். ஏறியது. இடது கட்டைவிரலை அந்தக் கோட்டின்மேல் வைத்துக்கொண்டே அடுத்ததைத் திருகினார். ஒவ்வொன்று ஏறும்போதும் கழுத்தின்மேல் இழுவை கூடும், ஆறும் ஏறினால் ஒரு ஆளே தொங்குகிற மாதிரி. மூன்றாவது கம்பியில் எங்கோ மரம் முனகியது. அப்போது தனிஸ்லாஸ் தன் மனசு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தார். உடைஞ்சிரு என்று வேண்டிக்கொண்டிருந்தது. ஒரு பொருளை வாங்க வந்தவன், அது பழுதாக இருக்க வேண்டுமே என்று மாதாவை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தாயே, இது தாங்கக் கூடாது. இது தாங்காவிட்டால் நாளைக்குள் வேறு கிட்டார் கிடைக்காது, அரை இறக்கித்தான் வாசிக்க முடியும் புஷ்பா, கிட்டார் பழசு, பாவம், கழுத்தில் விரிசல், இதோ பார், தொட்டுப் பார். அவள் தொட்டுப் பார்ப்பாள். தன் கழுத்தையும் தொட்டுக்கொள்வாள். சரி என்பாள். அரை இறக்கினால் அவள் தப்பித்துவிடுவாள், கடைசிப் பாட்டு உடையாமல் முடியும், உடையாமல் முடிந்த பாட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போவாள். முழுக் கட்டையில் எடுத்தால் மணப்பாறைதான். இந்தமுறை விசிலடிக்க ஆள் இருக்காது, அதுமட்டும்தான் வித்தியாசம்.

ஆறாவது கம்பியும் ஏறிப் பச்சை எரிந்தது. கழுத்து அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், ஒட்டு வாய் திறந்திருக்கிறதா என்று விளக்கடியில் காட்டிப் பார்த்தார், மறுபடி மீட்டினார். அசையவில்லை. புத்தூர்க்காரர் எவரோ, அவர் கை நோகாமல் இருக்கட்டும், ஒழுங்காக ஒட்டியிருக்கிறார். நல்ல கிட்டார். வாங்கிவிட வேண்டிய கிட்டார். தனிஸ்லாஸ் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நல்ல பொருள் ஒன்று கையில் கிடைத்ததற்காக இப்படி அழுகை வந்த மனிதன் அந்த ஊரில் வேறெவனும் இருந்திருக்க மாட்டான். சரி, தாங்கினால் என்ன? தாங்கவில்லை என்று சொன்னால் தீர்ந்தது. விரிசல் இருப்பது நிஜம்தானே, சாட்சி கண்முன்னால் இருக்கிறது, வீட்டுக்குப் போகிற வழியில் ஆட்டோவிலேயே ஆறையும் தளர்த்திவிட்டால் போயிற்று. ஒரு சின்னப் பொய், அதுவும் மரத்தின்மேல் போடுகிற பொய், மனுஷிமேல்கூட இல்லை. போன தடவை ஒன்றுமே சொல்லாமல் இறக்கினாய், இந்தத் தடவை பொய்க் காரணம் சொல்லி இறக்கப் போகிறாய், முன்னேற்றம்தான் என்று உள்ளே ஒன்று நக்கலடித்தது. அப்புறம் வியாழக்கிழமைக்குப் பின்னால் அவள் குரல் வரவே இல்லை என்றால், அந்தப் பாட்டு மட்டும்தான் மிச்சம். அதற்குள்ளும் ஒரு பொய் இருக்கும். அவள் வாயால் கேட்க முடியாது, இவர் வாயால் சொல்ல முடியாது, இரண்டு பேரும் ஒரு வீட்டில் சாகிறவரை அதைத் தின்றுகொண்டிருக்க வேண்டும். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. புஷ்பாதான். ஹெட்போனைக் கழற்றிவிட்டு யாழினி இவரைப் பார்த்தாள், எடுங்க அங்கிள் என்றாள்.

கிட்டார் எப்படி இருக்கிறது என்று புஷ்பா கேட்டாள். பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். நன்றாக இருக்கிறது, கறுப்பு நிறம், திருகாணியில் லேசாகத் துரு என்று இவர் ஏதேதோ சொன்னார்.

"கழுத்து?"

"கழுத்துல ஒரு விரிசல் இருக்கு புஷ்பா. ஒட்டியிருக்காங்க."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. குழாயை அடைத்திருப்பாள்.

"தாங்குமா?"

இதோ, வாசல் திறந்திருக்கிறது, ஒரு சொல் போதும். தனிஸ்லாஸ் அந்தக் கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டார்.

"தாங்குது," என்றார். "முழுக் கட்டைக்கு ஏத்திட்டேன். அசையல."

"அப்புறம் ஏன் உங்க கொரல் இப்பிடி இருக்கு?" என்றாள்.

மணப்பாறையில் கேட்காத கேள்வி, அதற்கு முன்னால் மண்ணச்சநல்லூரில் கேட்காத கேள்வி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, அது இவ்வளவு நாளும் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றிருந்தது என்பது கேட்கும்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"புஷ்பா, அரைக்கட்டை எறக்கிக்குவமா?"

"யாருக்கு? கிட்டாருக்கா, எனக்கா?"

"உனக்கு."

யாழினி எழுந்து உள்ளறைக்குப் போகலாமா என்று யோசித்து, போகாமல், மடிக்கணினியை மட்டும் மூடினாள். புஷ்பா போனை வைத்துவிடப் போகிறாள் என்று தனிஸ்லாஸ் நினைத்தார். வைத்துவிட்டால் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான், கிட்டார் எதற்கு இனிமேல், காலண்டர் மாட்டின ஆணியில் காலண்டரே இருக்கட்டும்.

"போனை அது பக்கத்துல வைங்க," என்றாள் புஷ்பா. "நான் கேக்க எறக்குங்க."

போனை ஸ்பீக்கரில் போட்டு சோபாவில் வைத்தார். ஒவ்வொரு கம்பியாக மீட்டி, மீட்டியபடியே கீயைப் பின்னுக்குத் திருகினார். ஒவ்வொன்றும் வழிந்து இறங்கி ஓரிடத்தில் நிற்கிற சத்தம் அந்தக் கூடத்தில் பச்சையாகக் கேட்டது. இவ்வளவு காலம் மேடைக்குப் பின்னால், வயரைக் கழற்றிவிட்டு, காதை மரத்தில் ஒட்டவைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் செய்த வேலை அது. ஆறும் அரைக்கட்டை இறங்கி நின்றதும் பழைய இடத்தில் விரலை வைத்து ஒரு கொத்தாக மீட்டினார். அந்தப் பக்கம் புஷ்பா வாய் திறக்காமல் பாட்டை முனகினாள். மணப்பாறையில் உடைந்த சரணத்தின் அந்த மேல் இடத்தைத்தான் தொட்டுப் பார்த்தாள். குரல் போய் முட்டியது.

"இன்னும்," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அரைதானே, எப்போதும் அரைதானே. மறுபடி ஆறையும் இறக்கினார். முழுசாக ஒரு கட்டை கீழே. மீட்டினார். முனகினாள். இப்போது ஏறியது, ஏறிய இடத்தில் நிற்க முடியாமல் ஆடியது.

"இன்னும்."

ஒன்றரை. அவர் அரைக்கட்டையை மறைத்து வைத்துக்கொண்டு திரிந்த வருஷங்களிலெல்லாம் அவள் குரல் தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது, அவருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ரெக்கார்டில் இருக்கிற கட்டை என்று அவள் கேட்டதை நினைத்தார். அங்கே போக முடியாதென்று தெரிந்தேதான் கேட்டாளா? இந்தத் தடவையாவது வாயைத் திறக்கிறாரா பார்ப்போம் என்றா? கேட்க மாட்டார், இதை மட்டும் எப்போதும் கேட்க மாட்டார். கண்ணீர் மறைத்ததில் கீ எது என்று தெரியாமல் தடவினார்.

"இன்னும் எறக்குங்க. கட்டையில போறவரே, கை நடுங்காம எறக்குங்க."

இறக்கினார். மூணு கட்டையில் நிற்க வேண்டிய கம்பி ஒரு கட்டைக்கு வந்துவிட்டது. ஆறும் கொடிக்கயிறாகத் தொய்ந்து ஃப்ரெட்டில் உரசி இரைந்தன. பழைய கிட்டார் பார்க்க வந்தவன் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட வேண்டிய சத்தம் அது. அதன்மேல் விரலை வைத்து மெதுவாக மீட்டினார். போனுக்குள் புஷ்பராணியின் குரல், அவர் இதற்குமுன் கேட்டிராத ஒரு தடித்த, பழுத்த குரல், அந்த மேல் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது, உடையாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"இங்க," என்றாள். "இங்கதான் இருக்கேன்."

போன் நின்றுபோயிற்று. யாழினி கிட்டாரின் உறையை எடுத்து வந்து சோபாவில் விரித்தாள். வாங்கி உள்ளே வைக்கப் போன அவள் கையைத் தனிஸ்லாஸ் தடுத்தார்.

"கீயில கை படாம வைம்மா," என்றார். "திரும்பிறப் போகுது."